பம்ப் ரூம் விளக்கு

வாங்க தம்பி, வாங்க. பழமலை வாட்டர் கம்பெனின்னா இதான். நாந்தான் பழமலை. போர்டுல பேரு அழிஞ்சு கெடக்கேன்னு பாக்காதீங்க, பெயின்டருக்குச் சொல்லி விட்டிருக்கேன். வெல்டிங் மெஷின அந்த வேப்பமரத்தடியில எறக்கி வைங்க. ஜெயங்கொண்டத்துலேருந்து வண்டியிலயே கட்டி எடுத்துக்கிட்டு வந்தீங்களா இத? கெட்டிக்காரருதான் போங்க.

இல்ல, இல்ல. ஒயர இப்ப இழுக்காதீங்க. செத்த உக்காருங்க. இன்னிக்கு வெள்ளிக்கெழம பாருங்க. எங்க வீட்டுக்காரம்மா தையல்நாயகி குளிக்கப் போயிருக்கு. தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து பம்ப் ரூம்ல வெளக்கேத்தும். ஏத்தி, சூடம் காட்டி முடிச்சதும் நீங்க ஆரம்பிச்சிடலாம். பொழுது இன்னும் எறங்கல, வெளிச்சம் போறதுக்குள்ள முடிஞ்சிடும். வெளக்கு வைக்காம அந்த ரூம்ல இரும்பத் தட்டுனா எனக்கு மனசு ஒப்பாது. நீங்க சிரிச்சாலும் சரி.

வேலை ஒண்ணும் பெருசில்ல. அதோ, கேன் அடுக்கி வச்சிருக்கிற கொட்டாய்க்கு அந்தாண்ட ஒரு ரூமு தெரியுதுல்ல, அதான் பம்ப் ரூம். போரு அதுக்குள்ளதான் இருக்கு. தண்ணி வந்து விழுற தொட்டியும் அதுக்குள்ளதான். மேல பாருங்க, ஒரு வென்டிலேட்டர். சாக்கத் திணிச்சு வச்சிருக்கேன் பாருங்க, அதான். அந்தச் சாக்க உருவிப் போட்டுட்டு, இரும்புச் சட்டத்து மேல அளவா ஒரு தகட்ட வச்சு, சுத்தி இடைவெளி இல்லாம பத்தவச்சுக் குடுத்துடணும். காத்துப் போவக்கூடாது. எறும்பு நுழையக்கூடாது. அவ்வளவுதான் வேலை.

ஜன்னலா? இருந்துச்சு. செங்கல் வச்சு அடைச்சுப் பூசிட்டேன். கதவு ஓரத்துலகூட சைக்கிள் ட்யூப்ப வெட்டி ஒட்டியிருக்கேன், சாத்துனா கப்புனு புடிச்சுக்கும். எல்லாம் நானே செஞ்சதுதான். இந்தத் தகடு ஒண்ணுதான் நம்ம கைக்கு அடங்கல.

உள்ளூர்ல ஆளே இல்லியான்னு கேப்பீங்க. இருக்கான். சவரிமுத்துன்னு ஒருத்தன், கேட்டு, கிரில்லு எல்லாம் நமக்கு அவன்தான் போட்டான். இப்ப அவனுக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு தம்பி. நடுவேலையில ஓடிப்போனான். அந்தக் கதைய அப்புறம் சொல்றேன், கேட்டா சிரிப்பீங்க.

டீ சாப்புடுறீங்களா? பீடியா? குடிங்க, குடிங்க, அதுக்கென்ன. இந்தத் தோப்புல யாரு வந்து கேக்கப் போறா.

இந்தத் தண்ணிக்கு நான் பட்ட பாடு இருக்கே, அத யாருகிட்ட சொல்றது. நீங்க வெளியூரு, ஒங்ககிட்ட சொல்றதுல தப்பில்ல. இந்தப் பக்கம் பூரா வானம் பாத்த பூமி. போன வருசம் கோடையில போரு ஒண்ணு விடாம வத்திப்போச்சு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தேசிங்குன்னு ஒருத்தன் இருக்கான், அவனும் தண்ணி கேன் போடறவன்தான். ஒரு காலத்துல என் தோள்ல கைபோட்டுக்கிட்டுச் சுத்தினவன். இப்ப என்னைப் பாத்தா வெத்தலைய மென்னு தரையில துப்புவான். அவன் போருல சேறுகூட வரல. மோட்டாரு வெறுமனே கத்துது. என் போரும் அப்படித்தான் கெடந்துச்சு. ஆனா நான் விடல.

போரு தோண்டற ரிக் வண்டிய வரவச்சேன். எறக்குடா இன்னும்னேன். அவன், "அய்யா, கீழ கறுப்புக் கல்லு வருது, இதுக்கு மேல தண்ணி இருக்காதுங்க"ன்னான். "கல்லப் பாக்கவாடா ஒனக்குக் கூலி? எறக்கு"ன்னேன். எறக்க எறக்க அந்தக் கறுப்புக் கல்லுதான் வருது. அப்பளம் மாதிரி ஏடு ஏடா உரியுது. கையில எடுத்தா வெரலு பூரா கறுப்பு. அவனுக்கே பயம் வந்துடுச்சு, நிறுத்திடலாமான்னான். நான் செல்லியம்மனக் கும்புட்டுட்டு எறக்குன்னேன். அப்பத்தான் வந்துச்சு தம்பி. பொங்கிக்கிட்டு வந்துச்சு. வெறுந்தண்ணி இல்ல, சோடா மாதிரி துள்ளிக்கிட்டு, நொறச்சுக்கிட்டு வந்துச்சு.

ஊரே வந்து பாத்துச்சு. ஒரு கெழவன் தொட்டிக்குள்ள கைய விட்டு, "என்னடா பழமலை, தண்ணி கூசுது"ன்னான். அன்னிக்கே கேன்ல ஸ்டிக்கர் ஒட்டிட்டேன், துள்ளும் தண்ணின்னு. மூடியத் தொறந்தா புஸ்ஸுங்கும். சனம் அதுக்காகவே வாங்குச்சு. உயிருள்ள தண்ணின்னு கல்யாண வீட்டுக்காரங்க எல்லாம் தேடி வந்தாங்க. அன்னிக்குப் போட்ட மோட்டார நான் நிறுத்தல. ராத்திரி பகல் ஓடுது. இப்பவும் ஓடுதே, கேக்குதுல்ல? ஸ்டார்ட்டர் பொட்டி மட்டும் வெளிச் சொவத்துல இருக்கு. உள்ள ஈரம், ஷாக் அடிக்கும்னு லைன்மேன் மாத்திவைக்கச் சொன்னாரு. நல்லது சொன்னா நான் கேக்கிறவன்தான்.

எதுல விட்டேன்? ஆங், தண்ணி வந்துச்சு. தண்ணி வந்தா கூடவே கண்ணும் வரும்ல. முதல்ல அந்தப் பொண்ணு வந்துச்சு. வான்மதின்னு பேரு. திருச்சியில கல்லப் பத்தி என்னமோ ஆராய்ச்சி பண்ணுதாம். ஓடையில உக்காந்து சுத்தியலால கல்லத் தட்டிக்கிட்டே கெடக்கும். தட்டி, அதுல ஒரு துணுக்க வாயில போட்டுக் கடிச்சுப் பாக்கும் தம்பி! சத்தியமா. கல்லக் கடிக்கிறவ பேச்ச நாம என்னன்னு நம்புறது? எங்க வீட்டுக்காரம்மா பாவம்னு கூப்புட்டுச் சோறு போட்டுச்சு. நான் வேணாம்னு சொல்லல.

அந்தப் பொண்ணு போருல வந்த கறுப்புக் கல்லு குமிஞ்சு கெடந்ததப் பாத்துடுச்சு. அதுலேருந்து நம்மள விடல. "அய்யா, இது ஷேலுங்க, களிமண் இறுகுன பாறை. பாக்கத்தான் கெட்டி, உள்ள பூரா ஓட்டை. அந்த ஓட்டைக்கு முன்னாடி ஊசி மொனை மலை மாதிரி. மீத்தேன்னு ஒரு கேஸு அந்த ஓட்டைச் சொவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். மேல தண்ணி பாரம் அழுத்துற வரைக்கும் அது அசையாது. நீங்க தண்ணிய உறிஞ்ச உறிஞ்ச அழுத்தம் கொறையும். கொறஞ்சா சொவத்த விட்டுடும்"ன்னுச்சு. நான், "கல்லுக்குள்ள கேஸு ஒட்டிக்கிட்டு இருக்கா? பசை யாரு தடவுனது?"ன்னேன்.

அதுக்குக் கோவம் வரல. பொறுமையான பொண்ணுதான், சும்மா சொல்லக்கூடாது. "டவுன் பஸ்ஸ நெனச்சுக்கங்க அய்யா"ன்னுச்சு. "நெரிசல்ல எல்லாம் கம்பியப் புடிச்சுக்கிட்டு அசையாம நிக்கும். ஸ்டாப்பு வந்து வாசல் காலியானா, படிக்கட்டுப் பக்கம் நிக்கிறவங்க சட்டுனு எறங்கிடுவாங்க. நடுவுல மாட்டுனவங்க ஒரு கம்பிய விட்டு அடுத்த கம்பியப் புடிச்சு, இடிச்சுக்கிட்டு, சந்துல நுழைஞ்சு, மெதுவாத்தான் வருவாங்க. இந்தக் கல்லுலயும் அப்படித்தான். மொதல்ல கொஞ்சம் வேகமா வரும். மிச்சம் வருசக்கணக்கா வந்துக்கிட்டே இருக்கும். பாறையில இருக்கிற வெடிப்பு வழியா வந்து தண்ணியில கலக்கும். மேல வந்ததும் தண்ணியையும் விட்டுடும்."

"எறங்குனதெல்லாம் எங்கம்மா போவும்?"னு கேட்டேன், சும்மா வம்புக்குத்தான். அது பம்ப் ரூமையே பாத்துச்சு. "அங்கதாங்க அய்யா. ஒங்க தொட்டிக்கு மேல, கூரைக்குக் கீழ"ன்னுச்சு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு, பொய் சொல்வானேன். அப்புறம் சுதாரிச்சுக்கிட்டு, "டிக்கெட் எடுத்துக்கிட்டுத்தான எறங்குது?"ன்னேன். லோடு ஏத்துற பசங்க எல்லாம் சிரிச்சானுங்க. அது சிரிக்கல.

நீங்க ஏன் தம்பி சிரிக்காம உக்காந்திருக்கீங்க? டீ ஆறுது, குடிங்க.

நான் முட்டாள் இல்ல தம்பி, கேள்வி கேட்டேன். "கேஸுன்னா நாத்தம் அடிக்கணும்ல? வீட்டுல சிலிண்டர் லீக்கானா தெருவுக்கே தெரியுது. இங்க ஒரு வாடை இல்லியே"ன்னேன். அதுக்கு அது சொல்லுது, "சிலிண்டர்ல வர்ற நாத்தம் கம்பெனியில கலந்து அனுப்புறதுங்க, மனுசனுக்குத் தெரியட்டும்னு. பூமியிலேருந்து வர்றதுக்கு வாடையும் கெடையாது, நெறமும் கெடையாது"ன்னு. அப்ப வாடை இல்ல, நெறம் இல்ல, கண்ணுக்குத் தெரியாது, கையில புடிபடாது. இல்லாத ஒண்ணுக்கு என்னைப் பயப்படச் சொல்லுது. நல்ல கதையா இருக்கே!

ஒரு பாட்டில்ல அந்தக் கல்லுத் துணுக்கப் போட்டுத் தண்ணி ஊத்தி இறுக்கி மூடி, இதே எடத்துல வச்சுட்டுப் போச்சு. மறுநாளு மூடி தெறிச்சு எங்கேயோ கெடக்கு. பாத்தீங்களா அய்யாங்குது. வெயில்ல வச்சா எந்த மூடியும்தான் தெறிக்கும். அப்புறம் ஒரு சின்னப் பொட்டியக் கொண்டாந்து பம்ப் ரூம் சொவத்துல மாட்டுச்சு. அது கீ கீ கீன்னு கத்துது. நிறுத்தவே இல்ல. மாட்டுன நேரத்துலேருந்து கத்துது. ஓயாம கத்துற பொட்டி நல்ல பொட்டியா? கெட்டுப்போன பொட்டிய என் தலையில கட்டிட்டுப் போயிருக்கு. பேட்டரிய உருவி டிவி ரிமோட்டுக்குப் போட்டேன். அது ஜம்முனு வேலை செய்யுது. பேட்டரி நல்லாத்தான் இருந்திருக்கு, பொட்டிதான் கோளாறு.

அந்தப் பொண்ணு கேட்டது ரெண்டே விசயம். ஜன்னலையும் வென்டிலேட்டரையும் எப்பவும் தொறந்து வைக்கணும், உள்ள நெருப்பு கூடாது. மோட்டார அப்பப்ப நிறுத்தணும், கல்லு மேல தண்ணி நிக்கட்டும். ரெண்டாவதக் கேட்டதும்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. மோட்டார நிறுத்துனா யாருக்கு லாபம்? தேசிங்குக்கு. அவன் அனுப்பாம இந்தப் பொண்ணு இந்தக் காட்டுக்கு ஏன் வருது? நான் அன்னிக்கே, "இந்தப் படி ஏறாதம்மா"ன்னு சொல்லிட்டேன். போறப்ப தையல்நாயகி கையப் புடிச்சுக்கிட்டு, "அக்கா, வெளக்க வெளியில வச்சுக் கும்பிடுங்க, ஒங்களக் கெஞ்சிக் கேக்கிறேன்"ன்னு அழுவுது. என் வெளக்கு எங்க இருக்கணும்னு அது யாரு சொல்றது?

அந்த வெளக்கப் பத்தி ஒங்களுக்குச் சொல்லணும். அதுதான் விசயமே.

போருல தண்ணி வந்த அன்னிக்கே செல்லியம்மன் படத்தப் பம்ப் ரூம்ல மாட்டிட்டேன். வெள்ளிக்கெழம தவறாம தையல்நாயகி வெளக்கேத்தும். வீட்டுப் பொம்பள கையாலதான் ஏத்தணும், நான் ஏத்தக்கூடாது. எங்க வழக்கம் அப்படி. நான் வாசல்ல நின்னு கும்புட்டுக்குவேன். ஆரம்பத்துல எல்லா வெளக்கும் மாதிரித்தான் எரிஞ்சுச்சு. ஒரே தொந்தரவு, ஜன்னல் காத்துல பொசுக் பொசுக்குனு அணைஞ்சுபோவும். சாமி வெளக்கு அணையலாமா? தையல்நாயகி மொகம் சுண்டிப்போவும். அதான் ஜன்னல அடைச்சேன்.

அடைச்ச அடுத்த வெள்ளிக்கெழம பாக்கணும் நீங்க! வீட்டுல ஏத்துனா ஒரு வெரல் ஒசரம் எரியுற திரி, அங்க நீண்டுக்கிட்டு நிக்குது. சுடரச் சுத்தி நீலமா ஒரு தொப்பி. மெல்லிசா, கண்ண இடுக்கிப் பாத்தாத்தான் தெரியும். அதே திரி, அதே நல்லெண்ண, அதே வெளக்கு. வீட்டுக்குக் கொண்டாந்து ஏத்துனா நீலம் இல்ல. பம்ப் ரூமுக்குக் கொண்டுபோனா நீலம் வருது. வாரா வாரம் ஒசரம் கூடுது தம்பி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. அம்மன் வந்து எறங்கியிருக்கா. இல்லன்னா ஊரே காஞ்சு கெடக்கறப்ப எனக்கு மட்டும் தண்ணி ஏன் வரணும்? சொல்லுங்க பாப்போம்.

என்ன தம்பி, பீடிய ஏன் அணைக்கிறீங்க? பாதிகூடக் குடிக்கல. செருப்பால ஏன் அந்தத் தேய்ப்புத் தேய்க்கிறீங்க? நெஞ்சு கரிக்குதா?

எந்த எடத்துல நீலமா? சுடருக்கு மேலதான். சுத்தியும் மேலயும். ஏன் கேக்குறீங்க? நீங்க நெலக்கரிச் சொரங்கத்துல வேலை பாத்தீங்களா? அப்படியா! சிங்கரேணியிலயா? அம்மாடி, அவ்வளவு தூரமா? அங்கயும் வெளக்கு இப்படி நிக்குமா? அப்ப அங்கயும் அம்மன் இருக்கா. நான் சொன்னேன்ல. என்ன, அப்படி எரிஞ்சா போட்டது போட்டபடி ஓடிடணுமா? அங்க இருக்கிறவங்களுக்கு பக்தி இல்ல, அதான் ஓடுறாங்க.

இருங்க தம்பி, எழுந்திரிக்காதீங்க. எங்க வீட்டுக்காரம்மா இன்னும் குளிச்சு முடிக்கல. கதவத் தொறந்து பாக்கறதெல்லாம் அப்புறம். கடைசியா எப்பத் தொறந்ததுன்னா, போன வெள்ளிக்கெழமதான். அதுக்கப்புறம் யாரையும் தொறக்க விடல. தண்ணி பைப்புலயே வெளிய வந்துடுது, உள்ள போயி என்ன வேலை? அம்மன் இருக்கிற எடத்துல ஆளும் பேருமாப் போயிப் பொழங்கக்கூடாதுல்ல.

சவரிமுத்து கதையச் சொல்றேன்னேன்ல. அது ஒரு கூத்து. கொட்டாயில கேன் வைக்க ஸ்டாண்டு அடிக்க வந்தான். வேலைக்கு நடுவுல தாகம்னு ஒரு கேனத் தொறந்தான். அது புஸ்ஸுன்னுச்சு. அந்தப் பய வெளையாட்டா லைட்டரப் பத்தவச்சு மூடிகிட்ட கொண்டுபோயிருக்கான். குப்புனு கேன் வாயில நெருப்பு நின்னுச்சாம். தண்ணி மேல நெருப்பு! "தண்ணி எரியுதுண்ணே, தண்ணி எரியுது"ன்னு அலறிக்கிட்டு ஓடினான். மெஷினக்கூட மறுநாளு தம்பிய விட்டுத்தான் எடுத்துக்கிட்டுப் போனான். காலையிலேயே சரக்கு போட்டுட்டு வந்திருப்பான். இல்லன்னா தேசிங்கு சொல்லிக் குடுத்திருப்பான். நம்ம தண்ணி எரியுதுன்னு ஊருக்குள்ள கெளப்பிவிட்டா யாரு வாங்குவா? பாதிப் பேரு நிறுத்திட்டாங்க தம்பி. பழகுன சனம், மொகத்தக் குடுத்துப் பேச மாட்டேங்குது. அதான் எனக்கு ஆத்தாமை.

என்னது, போன வெள்ளிக்கெழம என்ன நடந்துச்சா? நான் சொல்லவே இல்லியே, நீங்களாக் கேக்குறீங்க. கூர்மையான ஆளுதான்.

சொல்றேன். தையல்நாயகி உள்ள போச்சு. நான் வாசல்ல நின்னேன். தீக்குச்சியக் கிழிச்சுச்சு பாருங்க, புசுக்குனு ஒரு சத்தம். கூரைக்கு அடியில நீலமா ஒண்ணு ஓடுச்சு. மூலையிலேருந்து மூலைக்கு, நீலப் பட்டுச்சேலைய ஒதறி விரிச்ச மாதிரி. வென்டிலேட்டர் வழியா வெளிய போயி மறஞ்சுபோச்சு. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு தம்பி. கீழ விழுந்து கும்புட்டேன். எத்தன பேருக்குக் கெடைக்கும் அந்தக் காட்சி?

தையல்நாயகிக்குத்தான் முன்முடி கொஞ்சம் பொசுங்கிப்போச்சு. புருவம் கருகிடுச்சு. நெத்தி செவந்து, வாழைச்சாறு தடவிக்கிட்டு இருந்துச்சு. அம்மன் முடி கேட்டிருக்கா, குடுத்தாச்சு, சந்தோசப்படுன்னேன். அது என்ன சொல்லுது தெரியுமா? "நான் இனிமே உள்ள போவ மாட்டேன், அந்தப் பொண்ணு சொன்னது நெசம்"ங்குது. ராத்திரி தூங்கறதில்ல, எழுந்து உக்காந்துக்குது. பொண்டாட்டியே இப்படிப் பேசுனா ஊரு ஏன் பேசாது? எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "தேசிங்குக்கு வாழ வந்தியா, எனக்கு வாழ வந்தியா?"ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். அதுலேருந்து பேசறதில்ல. இன்னிக்கு எண்ணெய எடுத்து வச்சுட்டுக் குளிக்கப் போயிருக்கு, வாயத் தொறக்காம. பரவாயில்ல. வெளக்க ஏத்துனா சரி.

அன்னிக்கு யோசிச்சேன். அம்மன் வந்தா, சரி. ஏன் வென்டிலேட்டர் வழியாப் போயிட்டா? வழி இருந்துச்சு, போயிட்டா. வந்தவளப் போவவிடலாமா? அதான் அன்னிக்கே சாக்கத் திணிச்சு, கதவுக்கு ட்யூப் ஒட்டி, ஒங்களுக்குச் சொல்லி விட்டேன். நீங்க தகட்ட வச்சு அடிச்சுட்டா அவ இங்கேயே இருந்துடுவா. அப்புறம் எவன் வந்து என்ன பண்ணிட முடியும்?

தம்பி, ஒங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? மோட்டார நிறுத்தறதா? ஏன் நிறுத்தணும்? ஸ்டார்ட்டர் பக்கம் போவாதீங்க. கதவத் தொறந்து போட்டுட்டு எல்லாரும் ரோட்டுக்குப் போயிடலாமா? என்ன பேசுறீங்க நீங்க? வேலைக்கு வந்த எடத்துல வேலையப் பாருங்க.

அதோ வந்துடுச்சு பாருங்க. வா தையலு, வா. இந்தத் தம்பிதான் வெல்டரு. ஈரத் தலையோட நிக்காத, துண்டச் சுத்திக்க. பூ எடுத்துக்கிட்டியா, சூடம் எடுத்துக்கிட்டியா? தீப்பெட்டி? ம். போ, நேரமாச்சு. நின்னு நின்னு போவாத, நான் பின்னாடியே வரேன்.

தம்பி! தம்பி, என்ன இது? ஏ! கைய விடு! பொம்பள கையிலேருந்து தட்டப் பிடுங்குறியே, அறிவிருக்கா ஒனக்கு? எதுக்குடா தீப்பெட்டியத் தண்ணி வாளியில போடுற? சூடம் எல்லாம் மண்ணுல கொட்டிப்போச்சே! சாமிக்குக் கொண்டுபோனத மண்ணுல கொட்டிட்டானே!

நெனச்சேன். நீ உக்காந்து கேள்வி கேட்டப்பவே நெனச்சேன். தேசிங்கு ஜெயங்கொண்டம் வரைக்கும் கைய நீட்டிட்டான். சொரங்கமாம், சிங்கரேணியாம். எவ்வளவு நல்லாப் பேசி டீயும் வாங்கிக் குடிச்சுட்ட. மெஷினத் தூக்கிக்கிட்டு நட. தகட்ட நான் வேற ஆள வச்சு அடிச்சுக்கிறேன்.

நீ எங்க போற தையலு? அங்க ஏன் போயி நிக்கிற, அவன்கூட? இந்தப் பக்கம் வா. வரமாட்டியா? என்னது? சத்தமாச் சொல்லு. "வேணாங்க"வா? எது வேணாம்? ஒரு வாரமா வாயத் தொறக்காம இருந்துட்டு, தொறந்ததும் வேணாமா?

அழாத. இப்ப ஏன் அழுவுற? நான் என்ன அடிச்சனா, வைஞ்சனா? சரி. ஒனக்குப் பயமா இருந்தா நீ இங்கேயே நில்லு. நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல. இத்தன வெள்ளிக்கெழமயும் நீதான ஏத்துன, ஒரு நாளு நான் ஏத்துனா அம்மன் கோவிச்சுக்க மாட்டா. வழக்கமாவது ஒண்ணாவது. பொழுது எறங்கிடுச்சு, வெளக்கேத்தறது நின்னுடக் கூடாது.

தம்பி, வழிய விடுங்க. வயசுல பெரியவன் மேல கைய வைக்காதீங்க, நல்லா இருக்காது. இது என் எடம், என் ரூமு, என் சாமி. கத்தாதீங்க, காது கேக்குது எனக்கு. தையலு, அந்தாள இழுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போ. கேட்டுக்கு வெளிய வேணும்னாலும் போங்க ரெண்டு பேரும், எனக்கென்ன. வெளக்கு எப்படி நிக்குதுன்னு அங்கேருந்தே பாருங்க.

தீப்பெட்டியா? அவன் வாளியில போட்டா போட்டும் போ. சவரிமுத்து அன்னிக்கு விட்டுட்டு ஓடுன லைட்டரு என் சட்டப் பையிலதான் கெடக்கு.

காத்து அடிக்குது. கதவச் சாத்திக்கிறேன்.